உள்ளே பிசிறு தங்காத பெட்டி

மின்னணுச் சாதனங்களுக்கான உலோகப் பெட்டிகளை மெஷின் செய்பவர்களிடம் எந்தக் கட்டர் (சுழன்று உலோகத்தை வெட்டும் கருவி) நல்லது என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் வேகத்தில்தான் தொடங்கும். எத்தனை ஆர்பிஎம் தாங்கும், நிமிடத்துக்கு எவ்வளவு ஃபீட் (கட்டர் முன்னேறும் அளவு) கொடுக்கலாம், ஒரு கட்டரில் எத்தனை ஜாப் (வெட்டப்படும் உலோகத் துண்டு) ஓடும். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பம்ப்பின் உடலையோ கியரின் உறையையோ செய்வதற்கும், ஒரு சர்க்யூட் போர்டு குடியேறப்போகும் பெட்டியைச் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்டியை மூடிய பிறகு அதற்குள் மின்சாரம் ஓடும். யூஎஸ்பி-சி கனெக்டரை எடுத்துக்கொண்டால், அதில் பின்கள் அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. ஏதோ ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த அலுமினியப் பிசிறு, சாதனம் அதிரும்போது கழன்று அந்த இரண்டு பின்களுக்கு நடுவே விழுந்தால் போதும்.

அதனால் இந்த வேலைக்கு டூல் எடுக்கும்போது, அது எவ்வளவு உலோகத்தைத் தள்ளுகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வேன். அது போன தடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. விளிம்பில் பிசிறு, துளைக்குள் சிக்கிய சீவல், மேலே நேராகவும் அடியில் தடித்தும் நிற்கும் சுவர், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் தரையில் குறுக்குக் கோடு, அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) முடிந்த பிறகு பளிச்சென்று தெரியும் கட்டர் தடம். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டூல் தேர்வு இருக்கிறது.

ட்ராயிங் கைக்கு வந்ததும் வெளி அளவுகளை விட்டுவிட்டு உள்மூலைகளைத்தான் தேடுவேன். வட்டமாகச் சுழலும் கட்டர் சதுர மூலையை வெட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூலையின் ஆரம் என்ற அந்த ஒற்றை எண், ஜாப்பின் பாதித் தலையெழுத்தை எழுதிவிடுகிறது என்பது டிசைன் மேசையில் இருப்பவர்களுக்கு எப்போதும் தெரிவதில்லை. 20 மி.மீ. ஆழமான பாக்கெட் (உலோகத்தில் குடைந்த குழி), மூலை ஆரம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. கட்டரை 20 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டிப் பிடித்தாக வேண்டும். நீட்டிய நீளம் இரட்டித்தால் கட்டர் எட்டு மடங்கு அதிகமாக வளையும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. அதே மூலையை 3 மி.மீ. ஆரமாக்க டிசைனர் சம்மதித்தால் 5 மி.மீ. கட்டர் உள்ளே போகும். நீட்டிய நீளம் அதேதான், ஆனால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு கூடிவிடுகிறது. எந்தக் கோட்டிங்கும், எவ்வளவு விலை உயர்ந்த கார்பைடும் (கட்டர் செய்யும் கடினமான பொருள்) இந்த எட்டு மடங்கைத் தராது. போர்டின் மூலையையும் அதற்கேற்ப வளைத்துக்கொடுப்பது போர்டு வரைபவருக்குச் சில நிமிட வேலை. ஆகவே நல்ல கட்டர் தேர்வு, பல நேரம், டிசைனருக்குப் போடும் ஒரு போன் காலில் தொடங்குகிறது.

3 மி.மீ. ஆரத்துக்கு 6 மி.மீ. கட்டரே பொருந்துமே, ஏன் 5 என்று கேட்கலாம். மூலையின் ஆரமும் கட்டரின் ஆரமும் ஒன்றாக இருந்தால், கட்டர் நேர்ச் சுவரில் லேசாகத் தொட்டுக்கொண்டு போய், மூலையில் திடீரென்று இரண்டு சுவர்களையும் ஒரே நேரத்தில் கடிக்கும். சுமை ஒரு கணத்தில் ஏறும், கட்டர் கத்தும், மூலையில் அலை அலையாக அதிர்வுத் தடம் விழும். கொஞ்சம் சிறிய கட்டர் என்றால் மூலையில் ஒரு வில்லைப் போட்டுத் திரும்பும். சத்தமும் வராது, தடமும் விழாது. ட்ராயிங்கில் 3 மி.மீ. என்று எழுதியிருப்பதை 3.2 அல்லது 3.3 ஆக்கினால் 6 மி.மீ. கட்டரையும் இப்படி ஓட்டலாம். இந்தச் சின்னத் தாராளத்தை டிசைனரிடம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

ஆழம் தவிர்க்க முடியாதபோது, முழு நீளத்துக்கும் வெட்டு முனை உள்ள நீள கட்டரை நான் எடுப்பதில்லை. வெட்டு முனை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மட்டும் இருந்து, அதற்கு மேலே கழுத்து சற்றே ஒடுங்கியிருக்கும் வகை இருக்கிறதே, அதுதான் பெட்டி வேலைக்கு உரியது. ஃப்ளூட், அதாவது சீவல் வெளியேறும் சுருள் பள்ளம், நீளம் குறைவாக இருப்பதால் உள்ளே உலோகம் அதிகம், விறைப்பும் அதிகம். கழுத்து ஒடுங்கியிருப்பதால் மேலே ஏற்கெனவே முடித்த சுவரை உரசாது. படிப்படியாக இறங்கிக்கொண்டே போகலாம்.

சரி, உலோகத்துக்கு வருவோம். நல்ல தரமான பெட்டிகளில் கணிசமானவை 6061 என்ற அலுமினியக் கலவையில் வருகின்றன. நீட்டி எடுத்த பெட்டிகள் என்றால் 6063. ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து உடலைக் குடைந்து எடுக்கும் முறை, 2008இல் ஆப்பிள் தன் மேக்புக்குகளை அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு பொதுமக்கள் கண்ணிலும் பட்டது. அலுமினியம் மென்மையானது என்பதால் எளிது என்று நினைக்கிறோம். அதன் குணம் ஒட்டுவது. சூடும் அழுத்தமும் சேரும்போது வெட்டு முனையில் பசை போல ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஏறிய உலோகம்தான் பிறகு வெட்டுகிறது. அதற்குக் கூர்மையும் கிடையாது, நிலையான வடிவமும் கிடையாது. சுவரில் கீறலும் விளிம்பில் தடித்த பிசிறும் அங்கிருந்துதான் வருகின்றன.

இதனால்தான் அலுமினியத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஃப்ளூட், அகலமான பள்ளம், கண்ணாடி போல மெருகேற்றிய பரப்பு. சீவல் தங்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். எஃகுக்கு என்று வாங்கிய நான்கு ஃப்ளூட் கட்டர் மேசையில் சும்மா இருக்கிறதே என்று பாக்கெட்டுக்குள் விடக் கூடாது. அதன் மேல் இருக்கும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங்கிலேயே அலுமினியம் இருக்கிறது. ஜாப்பில் இருக்கும் அலுமினியம் அதோடு உறவு கொண்டாடும். அலுமினியத்துக்குப் பொருந்துபவை சிர்க்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு, வைரம் போன்ற கார்பன் பூச்சு ஆகியவை. கோட்டிங்கே இல்லாத, நன்றாக மெருகேற்றிய கார்பைடும் அருமையாக வேலை செய்யும்.

கோட்டிங் இல்லாததை நான் ஃபினிஷிங்குக்கு (அளவை முடிக்கும் கடைசி மெல்லிய வெட்டு) விரும்பி எடுப்பதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. 6 மி.மீ. கட்டரால் சுவரில் கடைசியாக 0.15 மி.மீ. மட்டும் எடுக்கிறோம், ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. ஃபீட் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு மெல்லிய பக்கவெட்டில் சீவலின் உண்மையான தடிமன் 0.03 ஆக இருக்காது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, ஏறத்தாழ 9 மைக்ரான்தான். கோட்டிங் சில மைக்ரான் தடிமனுக்கு முனையைச் சுற்றிப் படர்ந்து அதைக் கொஞ்சம் மழுங்கடிக்கிறது. 9 மைக்ரான் சீவலை எடுக்க வேண்டிய முனை மழுங்கியிருந்தால் அது வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் மெல்லிய சுவர் பின்வாங்கும், கட்டர் போனதும் திரும்பி வரும், அளவு தப்பும். பக்கவெட்டு மெலியும்போது பல்லுக்கான ஃபீடைக் கூட்ட வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

வெப்பத்தைத் தாங்கும் கோட்டிங்குக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் ஸ்பிண்டில். 6061ஐ கார்பைடால் நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் தாராளமாக வெட்டலாம். 6 மி.மீ. கட்டருக்கு அது ஏறத்தாழ 16,000 ஆர்பிஎம். 2 மி.மீ. கட்டருக்கு 48,000. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ஆர்பிஎம் மெஷினில் சிறிய கட்டர்கள் அந்த வேகத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. எட்டாத வெப்பத்துக்குக் கவசம் எதற்கு? அந்தப் பணத்தைக் கூர்மைக்கும், கட்டரைப் பிடிக்கும் நல்ல கோலெட்டுக்கும் போடலாம்.

கோலெட் என்றதும் ரன்அவுட், அதாவது சுழலும் கட்டர் மையம் விலகித் தள்ளாடும் அளவு, பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிறிய கட்டர்களின் ஆயுளை அதுதான் தின்கிறது. இரண்டு ஃப்ளூட் உள்ள 1 மி.மீ. கட்டரில் பல்லுக்கு 0.01 மி.மீ. ஃபீட் கொடுக்கிறோம். டயல் கேஜில் ரன்அவுட்டும் 0.01 மி.மீ. என்றால், ஒரு பல் இரண்டு பங்கு வெட்ட, மற்றொரு பல் கிட்டத்தட்ட சும்மா சுற்றும் நிலைகூட வரும். கட்டர் உடைந்ததும் தயாரிப்பாளரைத் திட்டுகிறோம். பழுது கோலெட்டின் உள்ளே ஒட்டியிருந்த ஒரு துகளாக இருக்கலாம். 3 மி.மீ.க்குக் கீழே போகும் எந்த டூலையும் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஓட்டுவதில்லை என்பது நல்ல பழக்கம்.

மெல்லிய சுவரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். மெல்லிய தரை அதைவிடத் தொந்தரவு. எடையைக் குறைக்கப் பெட்டியின் அடிப்பகுதியை 1 மி.மீ. அளவுக்குக் குடைந்துகொண்டே வரும்போது, அது பறைத் தோல் போல அதிரத் தொடங்கும். அலுமினியத்துக்கு 45 டிகிரி ஹெலிக்ஸ் (ஃப்ளூட் சுருளின் சாய்வு) நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். பக்கச் சுவருக்கு அது சரியே. ஆனால் ஹெலிக்ஸ் கூடக் கூட கட்டர் ஜாப்பை மேலே இழுக்கும். மெல்லிய தரையில் அந்த இழுப்பு தரையையே தூக்கிக் கட்டருக்கு ஊட்டிவிடும். நினைத்ததைவிட ஆழமாக வெட்டியிருக்கும். தரையை முடிக்கும் கட்டரில் ஹெலிக்ஸ் குறைவாக, 30 டிகிரி அளவில் இருப்பதையே எடுக்கிறேன். அடியில் வேக்குவம் பிடிப்போ, பொருத்தமான தாங்கலோ கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கட்டரின் அடி மூலை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பெட்டிதான் முடிவு செய்கிறது. முழுக் கூரான மூலை சீக்கிரம் பொடிந்துபோகும்; 0.2 அல்லது 0.5 மி.மீ. ஆரம் உள்ள மூலை அதிக நாள் உழைக்கும். ரஃபிங்குக்கு (முதலில் அதிக உலோகத்தை எடுக்கும் வெட்டு) ஆரம் உள்ளதுதான். ஆனால் போர்டு உட்காரும் படிக்கட்டில் அந்த ஆரம் சுவரின் அடியில் ஒரு வளைவாகத் தங்கிவிடும். போர்டின் விளிம்பு அதன் மேல் ஏறிக்கொண்டு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். வெப்பத்தைக் கடத்தும் பேட் மறுபக்கம் சரியாக அழுந்தாது. அந்த ஒரு படிக்கு மட்டும் கூர் மூலைக் கட்டரைக் கடைசியில் கொண்டுவர வேண்டும். அல்லது போர்டுக்கும் சுவருக்கும் இடையே அந்த ஆரத்தைவிட அதிக இடைவெளி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

தண்ணீர் புகாத பெட்டி என்றால் ஓ-ரிங் பள்ளம் வரும். 2 மி.மீ. ஓ-ரிங்குக்குப் பள்ளத்தின் ஆழம் 1.5 மி.மீ. அளவிலும், அகலம் 2.6, 2.7 என்று வரும். இங்கே பலரும் பள்ளத்தின் அகலத்துக்கு நெருங்கிய கட்டரை எடுத்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுகிறார்கள். முழு அகலத்தில் வெட்டும் கட்டர் ஒரு பக்கமாகச் சாயும்; ஒரு சுவரில் அது ஏறுவெட்டாகவும் எதிர்ச் சுவரில் இறங்குவெட்டாகவும், அதாவது பல் கடிக்கும் திசை மாறிப் போவதால், இரண்டு சுவர்களின் தரமும் வேறாக இருக்கும். 2 மி.மீ. கட்டரால் நடுவில் ஒரு பள்ளம் போட்டுவிட்டு, இரண்டு சுவர்களையும் தனித்தனியே, இரண்டையும் ஒரே வகை வெட்டாக முடிப்பதுதான் என் வழி. நேரம் சற்றுக் கூடும், பள்ளம் நேராக நிற்கும். தரையில் விழும் தடங்கள் ஓ-ரிங் ஓடும் திசையிலேயே ஓடுவதால் அவை தண்ணீருக்கு வழிவிடுவதில்லை. அதிர்வால் விழும் குறுக்குக் கோடுகள்தான் ஆபத்து. ஒவ்வொன்றும் உள்ளேயிருந்து வெளியே போகும் ஒரு சின்ன வாய்க்கால். ட்ராயிங்கில் ஆர்ஏ (பரப்பின் சொரசொரப்பு அளவு) 1.6 மைக்ரான் என்று போட்டு, அதை மீட்டரில் அளந்து சரிபார்த்தாலும், குறுக்குக் கோடு ஒன்று இருந்தால் கசியும். அதனால் பள்ளத்தின் தரையை எண்ணால் மட்டும் பார்க்காமல் லென்ஸ் வைத்துக் கண்ணாலும் பார்ப்பேன்.

மூடி உட்காரும் முகத்துக்கும் இதுவே. பெரிய ஃபேஸ் மில் (சமதளம் எடுக்கும் அகலமான கட்டர்) ஒரே ஓட்டத்தில் முழு முகத்தையும் எடுத்தால் படிகள் இல்லாத சமதளம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் குடைந்து முடித்த பெட்டியில் அந்த முகம் வெறும் மெல்லிய சட்டம்தான். கனமான ஃபேஸ் மில்லின் அடிகள் சட்டத்தை அசைக்கும், உள்விளிம்பு முழுக்கப் பிசிறை உள்ளே தள்ளும். கட்டி முழுதாக இருக்கும்போதே ஃபேஸ் மில்லை முடித்துக்கொண்டு, கடைசி 0.1 மி.மீ.யை ஒரு கூரான எண்ட் மில்லால் (நுனியாலும் பக்கத்தாலும் வெட்டும் கட்டர்) சட்டத்தின் வழியே ஓட்டி எடுக்கலாம்.

இனி திருகு மரைகள். பெட்டி வேலையில் நான் அதிகம் யோசிக்கும் இடம் இதுதான். ஒரு பெட்டியில் எம்2.5, எம்3 (2.5, 3 மி.மீ. திருகுகளுக்கான) துளைகள் வரிசையாக இருக்கும், பெரும்பாலும் அடி மூடிய துளைகள். அவற்றைக் கடைசி வேலையாகத்தான் செய்வோம். பல மணி நேரம் குடைந்த பெட்டியில் கடைசித் துளையில் டேப் (துளைக்குள் மரை போடும் கருவி) உடைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மரை வெட்டும் டேப்புகளில் சுருள் முனை (ஸ்பைரல் பாயிண்ட்) வகை சீவலை முன்னால் தள்ளும். அடி மூடிய துளையில் அது கீழே அடைத்துக்கொள்ளும். சுருள் பள்ள வகை சீவலை மேலே இழுத்து வரும். இழுத்து வந்த அந்த மெல்லிய கம்பிச் சுருள் எங்கே விழும்? பாக்கெட்டுக்குள்தான்.

அலுமினியப் பெட்டிக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது ஃபார்ம் டேப். அது உலோகத்தை வெட்டாது. அழுத்தி ஒதுக்கி மரையாக எழுப்பும். சீவலே கிடையாது. மரையும் வலுவாக இருக்கும், டேப்பின் உடலில் பள்ளம் இல்லாததால் டேப்பும் வலுவானது. ஆனால் இதற்குத் துளை அளவு வேறு. வெட்டும் எம்3 டேப்புக்கு 2.5 மி.மீ. துளை; ஃபார்ம் டேப்புக்கு 2.75 முதல் 2.8 வரை. 2.5இல் ஃபார்ம் டேப்பை இறக்கினால் அது உடையும். துளை கொஞ்சம் பெரிதானால் மரை முழுதாக எழும்பாது. ஆகவே துளைக்கும் தரமான கார்பைடு ட்ரில் வேண்டும், நல்ல மசகு எண்ணெயும் வேண்டும். ஒதுக்கப்படும் உலோகம் எங்காவது போக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. துளையைச் சுற்றி 1 மி.மீ. அளவுக்குத்தான் உலோகம் இருக்கிறது என்றால், அந்தத் தூண் வெளியே உப்பும். வெளிப்பக்கச் சுவராக இருந்தால் அனோடைசிங்குக்குப் பிறகு அந்த உப்பல் வெளிச்சத்தில் தெரியும். அங்கே த்ரெட் மில் (வட்டமாகச் சுற்றி வந்து மரை வெட்டும் கட்டர்) வைத்துக்கொள்ளலாம். மெதுவானது, ஆனால் மெல்லிய சுவரை அழுத்தாது, துளையைவிடச் சிறியது என்பதால் உடைந்தாலும் துளைக்குள் இறுகிச் சிக்காது, மரையின் அளவை மெஷினில் கொடுக்கும் திருத்த எண்ணான ஆஃப்செட்டில் மைக்ரான் கணக்கில் திருத்தலாம்.

அந்தத் திருத்தம் அனோடைசிங் செய்யும்போது கைகொடுக்கிறது. கடினமான அனோடைஸ் படலம் 25 மைக்ரான் என்றால், ஏறத்தாழ பாதி உலோகத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் வளரும். வெளியே வளர்வது 12.5 மைக்ரான்தானே என்று தோன்றும். ஆனால் 60 டிகிரி சாய்வுள்ள மரையில் அதன் பிட்ச் விட்டம் (மரைச் சரிவுகளின் நடுவே அளக்கும் விட்டம்) அந்த வளர்ச்சியைப் போல நான்கு மடங்கு, அதாவது 50 மைக்ரான் சுருங்கும். எம்3 சாதாரணப் பொருத்தத்தில் பிட்ச் விட்டத்துக்கு மொத்த டாலரன்ஸே (அளவு மாற அனுமதித்த எல்லை) 100 மைக்ரான். பாதி போய்விட்டது. ஆகவே மரைகளை அடைத்துவிட்டு அனோடைஸ் செய்ய வேண்டும், இல்லையென்றால் சற்றுப் பெரிய டேப்பைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இது அனோடைஸ் செய்பவரின் தலைவலி என்று விட்டுவிடும் இடம் இல்லை.

அடிக்கடி திறந்து மூடும் மூடிகளுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் இன்சர்ட் போடுவார்கள். அதில் ஒரு வகைக்கு அடியில் சின்ன வால் இருக்கும். பொருத்திய பிறகு அதை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்த வால்களை எண்ணிப் பார்க்காவிட்டால் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். வால் இல்லாத வகையும் கிடைக்கிறது. மின்னணுப் பெட்டிக்கு நான் அதைத்தான் கேட்பேன்.

அப்புறம் விளிம்புகள். கையால் ஸ்கிரேப்பர் வைத்துப் பிசிறு எடுப்பது நல்ல திறமைதான். ஆனால் பெட்டியின் உள்விளிம்புகளைக் கைக்கு விடுவதை நான் விரும்புவதில்லை. பத்தாவது பெட்டியும் முதல் பெட்டியும் ஒரே மாதிரி இருக்காது. ஜாப்பை வைஸிலிருந்து (ஜாப்பைப் பிடிக்கும் இடுக்கி) எடுக்கும் முன், அதே செட்டிங்கில், விளிம்பைச் சாய்வாக வெட்டும் சேம்ஃபர் மில்லால் 0.2 அல்லது 0.3 மி.மீ. விளிம்பு உடைத்துவிட வேண்டும். சேம்ஃபர் மில்லின் நுனியில் வெட்டு வேகம் பூஜ்யம் என்பதால் நுனியால் வெட்டக் கூடாது. டூலைக் கொஞ்சம் கீழே இறக்கி, நுனிக்கு மேலே உள்ள பகுதி விளிம்பில் படும்படி வைக்க வேண்டும். சேம்ஃபர் போட்டால் அதுவே ஒரு நுண்பிசிறை சுவர்ப் பக்கம் தள்ளும். அதனால் வரிசை இப்படி: சுவரில் கொஞ்சம் விட்டுவைத்து, சேம்ஃபர் போட்டு, பிறகு சுவரின் ஃபினிஷிங் ஓட்டம். அந்தக் கடைசி ஓட்டம் பிசிறையும் சேர்த்து எடுத்துவிடும். அடிப்பக்கத்தில் வைஸுக்குள் மறைந்திருக்கும் விளிம்புக்கும், பக்கத் துளைகள் பாக்கெட்டுக்குள் திறக்கும் இடங்களுக்கும் கோளத் தலை உள்ள லாலிபாப் கட்டர் எட்டும். இந்த ஒரு டூலை வாங்கத் தயங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிய பிறகு அதைக் கைவிட்டவரை நான் கண்டதில்லை.

விளிம்பு உடைப்பது பிசிறுக்காக மட்டும் இல்லை. அனோடைஸ் படலம் பரப்புக்குச் செங்குத்தாக வளரும். கத்தி போன்ற விளிம்பில் இரண்டு பக்கப் படலங்களும் சேராமல் நடுவில் விரிசலாக நிற்கும். முதலில் நிறம் உதிர்வது அங்கேதான். அலங்கார விளிம்புகளுக்கு ஒற்றைப் படிக வைர முனையும் பயன்படுத்துகிறார்கள். 2012இல் வந்த ஐபோன் 5இன் பளபளக்கும் சரிவு விளிம்பு அப்படி வெட்டப்பட்டதுதான்.

மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் பெட்டிகளில் ஒரு கூடுதல் வேலை வரும். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரத்தைக் கடத்தும் காஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் பட்டை) உட்காரும் இடம் மட்டும் வெற்று உலோகமாக இருக்க வேண்டும். அனோடைஸ் முடிந்த பிறகு அந்தப் பட்டையை மெஷின் செய்வது ஒரு வழி. படலம் அலுமினியம் ஆக்சைடு, மிகக் கடினமானது, முனையைத் தேய்க்கும். அதற்கென்று ஒரு கார்பைடு கட்டரை ஒதுக்கி, முதல் வெட்டிலேயே படலத்துக்கு அடியில் இறங்கிவிட வேண்டும். படலத்துக்குள்ளேயே மெல்ல உரசிக்கொண்டு போனால் கட்டர் வீண்.

ஹீட் சிங்க் தகடுகள் போன்ற ஆழமான குறுகிய பள்ளங்களுக்கு எண்ட் மில்லோடு போராட வேண்டாம். 1.5 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம் என்றால் ஸ்லிட்டிங் சா எனப்படும் வட்டரம்பம் சுலபமாகப் போகும். மெல்லிய தகட்டுப் பேனலில் பெரிய துளை போட சாதாரண ட்ரில்லை விட்டால், நுனி அடிப்பக்கம் வெளியேறியதும் பிடிமானம் போய்த் துளை முக்கோணமாகிவிடும். சிறிய எண்ட் மில்லை வட்டமாகச் சுற்றவிடுவதே மேல்.

வார்ப்பு அலுமினியப் பெட்டிகளை மெஷின் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரவலாகப் புழங்கும் ஏடிசி12 வார்ப்பில் 9.6 முதல் 12 சதவீதம் வரை சிலிக்கான் இருக்கிறது. 6061இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. சிலிக்கான் துகள்கள் முனையை மணல்தாள் போலத் தேய்க்கும். எண்ணிக்கை அதிகம் என்றால் பிசிடி எனப்படும் பல்படிக வைர முனைதான் கணக்குக்கு ஒத்துவரும். குறைவு என்றால் வைரம் போன்ற கார்பன் பூச்சு. ஸ்டெயின்லெஸ் 304 பெட்டி என்றால் அலுமினியத்துக்குச் சொன்ன பலவற்றைத் திருப்பிப் போட வேண்டும்: நான்கு, ஐந்து ஃப்ளூட், அங்கே வேண்டாம் என்ற அதே டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங், குறைந்த வேகம், தயங்காத ஃபீட். ஓரிடத்தில் கட்டர் நின்று தேய்த்தால் அந்தப் பரப்பு இறுகிவிடும், அடுத்த ஓட்டத்தில் கட்டர் அதில் மோதும். மக்னீசியப் பெட்டியைச் செய்கிறவர்கள் டூலுக்கு முன்னால் தீயணைப்பை யோசிக்க வேண்டும். மெல்லிய மக்னீசியச் சீவல் தீப்பிடிக்கும், அதில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளியாகி நிலைமை மோசமாகும். மழுங்கிய கட்டரால் தேய்த்துச் சூடேற்றுவது அங்கே வெறும் தரக்குறை இல்லை, ஆபத்து.

கட்டரை எப்போது மாற்றுவது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். சத்தம் மாறும் வரை காத்திருந்தால் தாமதம். கட்டர் மழுங்கத் தொடங்குவதை முதலில் சொல்வது வெளியேறும் விளிம்பில் உள்ள பிசிறு. அளவு இன்னும் சரியாக இருக்கும், பரப்பும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நகத்தால் தடவினால் நேற்றைவிட இன்று பிசிறு தடித்திருக்கும். அப்போதே ஃபினிஷிங்கிலிருந்து அந்தக் கட்டரை எடுத்துவிடுகிறேன். அதைத் தூக்கிப் போட வேண்டாம், ரஃபிங்கில் இன்னும் நிறைய உழைக்கும். இதற்காக ஃபினிஷிங் கட்டர்களுக்குத் தனி டிராயர் வைத்து, ஷேங்கில் (கட்டரின் பிடிக்கும் தண்டு) நிறப் பட்டை போட்டுவிடுவது வசதி. பட்டை உரிக்கப்பட்ட கட்டர் ரஃபிங் டிராயருக்குப் போகும். எஃகைத் தொட்ட கட்டர் எதுவும் அலுமினிய ஃபினிஷிங் டிராயருக்குள் வரக் கூடாது.